சம்மனசாகிப் போன குழந்தைகள்

எமது குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு கோடை மாலையில், கிளைப்பங்குச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. இரண்டு மாதக் குழந்தை ஒன்று இறந்துவிட்டது. அடக்கத்திற்கு வரவேண்டும் என்றார்கள். சென்றோம். வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, தலையில் பூச்சரம் சூட்டப்பட்டு, உறங்குவதுபோல் கிடந்தது பிள்ளை. இளந்தாய் சுவரில் சாய்ந்து, கண்ணீரின்றிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகிலிருந்த மாமியார், "அழக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன் சாமி. ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை, நேரே மோட்சத்துக்குப் போயிருக்கும்" என்றார். நாமும் எமக்குப் பழக்கமான ஆறுதலையே கூறினோம்: "ஆம் அம்மா, உங்கள் வீட்டிற்கு மோட்சத்தில் ஒரு சம்மனசு கிடைத்துவிட்டது. இறைவன் திருவுளம் அப்படி."

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் உபதேசியார் மெதுவாகச் சொன்னார்: "மூணு நாளா வயிற்றுப்போக்கு சாமி. கொடுத்தா இன்னும் போகும்னு பாலையும் நிறுத்தி, தண்ணியையும் நிறுத்திட்டாங்க." வீட்டின் மூலையில் நீர் நிறைந்த குடம் இருந்ததை நாம் பார்த்திருந்தோம். அந்தக் குடத்திற்கு நான்கடி தூரத்தில், நீர் வற்றி அக்குழந்தை இறந்திருந்தது. குழந்தை எதனால் இறந்தது என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. சம்மனசு என்ற சொல் அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்துவிட்டது.

பல ஆண்டுகள் சென்றபின், தொலைவிலுள்ள பிரேசில் நாட்டைப் பற்றிய நூல் ஒன்றைப் படிக்க நேர்ந்தது. அங்கும் இறந்த குழந்தையைச் 'சின்னச் சம்மனசு' என்றே அழைத்தார்கள்; அங்கும் தாய் அழலாகாது என்றே சொன்னார்கள். கத்தோலிக்க நாடாகிய அந்நாட்டின் கதை, அன்பார்ந்த குடும்பங்களே, நமக்கும் உரிய கதையாகவே எமக்குத் தோன்றுகிறது.

சிலுவை மேட்டின் மணியோசை

பிரேசிலின் வடகிழக்கே பெர்னாம்புக்கோ என்றொரு மாநிலம். அங்குள்ள திம்பவூபா என்னும் கரும்பு விளையும் ஊரின் ஓரத்தில், ஆல்ட்டோ தோ குருசெய்ரோ என்னும் குன்று உள்ளது. 'சிலுவை மேடு' என்பது அப்பெயரின் பொருள். நிலமிழந்த கூலிக் குடும்பங்கள் மண்ணாலும் ஓலையாலும் குடிசை கட்டி அதில் குடியேறியிருந்தனர். 1964ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கத் தொண்டர் படையைச் சேர்ந்த நான்சி ஷெப்பர் ஹியூஸ் என்ற இளம்பெண் சுகாதாரப் பணிக்காக அங்குச் சென்றார். கீழே ஊருக்குள் வியாகுல மாதா ஆலயம். அதன் மணி அடிக்கடி ஒலிப்பது கேட்டு, ஏன் இப்படி என்று அவர் வினவினார். ஒன்றுமில்லை, இன்னொரு சின்னச் சம்மனசு வானகம் போகிறது என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

அடுத்த ஆண்டு, 1965, கடும் வறட்சி ஆண்டு. குழந்தைகள் நாள்தோறும் இறந்தன. சிறு பெட்டியைச் சுமந்து கல்லறைக்குச் சென்றோர் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே. தாய் உடன் செல்வதில்லை, குருவும் செல்வதில்லை. ஏழைகளின் குழந்தைகளுக்கு நகராட்சியே சவப்பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. குடிநீரும் மருந்தும் பாலும் அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. பெட்டி மட்டும் கிடைத்தது. பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் சென்றால், குழந்தை எந்த நோயால் இறந்தது என்று அவர் விசாரிப்பதில்லை.

பின்னாளில் மானுடவியல் அறிஞராகிய அந்த அம்மையார், 1982 முதல் பலமுறை அக்குன்றிற்குத் திரும்பிச் சென்று தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதி, 1992இல் 'அழுகையில்லா மரணம்' எனப் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். அவருடைய கணக்கின்படி, அக்குன்றின் பெண் ஒருத்தி சராசரியாக 9.5 முறை கருவுற்றாள்; 3.5 பிள்ளைகளைச் சாவுக்குக் கொடுத்தாள். இறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 70 பேர் பிறந்த ஆறு மாதங்களுக்குள்ளேயே இறந்திருந்தனர்.

கொன்றது எது?

இச்சாவுகளுக்கு எது காரணம்? முதலில் நிலத்தைப் பார்ப்போம். முன்னர் இம்மக்கள் கரும்புத் தோட்டங்களின் ஓரங்களில் சிறு துண்டு நிலத்தில் மரவள்ளியும் அவரையும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். தாய் தன் குழந்தையை இடுப்பில் ஏந்தி அந்நிலத்திற்குச் செல்லலாம். வேலைக்கு நடுவே பாலூட்டலாம். சர்க்கரை ஆலைகள் விரிந்து, கரும்பு அந்தத் துண்டு நிலங்களையும் விழுங்கியபோது, மக்கள் குன்றுகளுக்குத் துரத்தப்பட்டனர். பெண்கள் கரும்பு வெட்டும் கூலிகளாகவோ, ஊரிலுள்ள செல்வர் வீட்டு வேலைக்காரிகளாகவோ ஆயினர். அவ்விரண்டு இடங்களுக்கும் கைக்குழந்தையைக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே அது குடிசையில், ஐந்தாறு வயது அக்காளின் பொறுப்பிலோ, எவருமின்றியோ விடப்பட்டது.

அடுத்தது பால். தாய் நாள் முழுதும் வீட்டில் இல்லாததால் தாய்ப்பால் நின்றது. அதனிடத்தில் பால் மாவு வந்தது. ஒரு குழந்தைக்குத் தானே தகப்பன் என்று ஆண் ஒருவன் ஊரறிய ஏற்றுக்கொள்ளும் அடையாளமாகவே, முதல் பால் மாவு டப்பாவை வாங்கி வருவது அங்கு வழக்கமாகிவிட்டது. அந்த டப்பா தீர்ந்தபின் அடுத்ததை வாங்கக் கூலி போதாது. எனவே மாவு குறைந்து நீர் கூடியது. பின்னர் சர்க்கரையும் மரவள்ளி மாவும் கலந்த கஞ்சியே பாலாயிற்று. தங்கள் உடல் மெலிந்ததால் தங்கள் பாலும் கெட்டுப்போனது, வெறும் நீராய்விட்டது என்று தாய்மார் நம்பத் தொடங்கினர். மெலிந்த தாயின் பாலும் குழந்தைக்கு நல்ல உணவே என்று அவர்களுக்கு உறுதியாய்ச் சொல்வார் இல்லை.

மூன்றாவது நீர். பொதுக்குழாயடியில் காத்து நின்று மேட்டின்மேல் சுமந்து வந்த நீரே அவர்களுக்கு எல்லாம். அது போதாதபோது மாசுபட்ட ஆற்று நீர். அந்நீரில் கரைத்த மாவு, கழுவாத புட்டியில் ஊற்றப்பட்டு, வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்தது. வயிற்றுப்போக்கு வந்தது, மெலிந்த குழந்தை மேலும் மெலிந்தது, அடுத்த முறை வந்தபோது தாங்கவில்லை. நிலம், கூலி, பால், நீர் ஆகிய நான்கும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றதால், எந்தச் சாவுக்கும் தனியாக ஒரு குற்றவாளி தென்படவில்லை. குற்றவாளி தென்படாத இடத்தில், 'ஆண்டவர் எடுத்துக்கொண்டார்' என்று சொல்வது மிக எளிதாயிற்று.

தாய் நெஞ்சம் வறண்டதா?

இங்கு நூலாசிரியர் கூறும் ஒரு செய்தி படிப்போரைத் திடுக்கிடச் செய்கிறது. சில குழந்தைகள் வாழப் பிறந்தவை, சில குழந்தைகள் சாகவே விரும்புபவை என்று அத்தாய்மார் பிரித்துப் பார்த்தனராம். துவண்டு, அழக்கூட வலிமையின்றிக் கிடக்கும் குழந்தையை அவர்கள் 'இது நில்லாது' என்று கைவிட்டனர். பல வீடுகளில், குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை பிறக்கும்வரை அதற்குப் பெயரிடுவதும் திருமுழுக்குக் கொடுப்பதும்கூடத் தள்ளிப்போயின.

இதைக் கேட்டு அத்தாய்மாரைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பிடுவது தவறாகும். அவ்வாறு கைவிடப்பட்ட ஓர் ஆண் குழந்தையை நான்சி அம்மையார் எடுத்துச் சென்று, வாய்திறக்க மறுத்ததை விடாப்பிடியாக ஊட்டி, உயிர் மீட்டு, தயங்கிய தாயிடமே திரும்ப ஒப்படைத்தார். செத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்காக ஏன் இந்தப் பாடு என்று அண்டை அயலார் நகைத்தனர். 1982இல் அவர் திரும்பி வந்தபோது, அப்பிள்ளை வளர்ந்த இளைஞன். தாய்க்கு எல்லாப் பிள்ளைகளிலும் உயிரானவன் அவனே. அன்பு அவளிடம் இல்லாமற் போகவில்லை. நம்பிக்கைதான் இல்லாமற் போயிருந்தது. நம்பிக்கைக்குச் சிறிது இடம் கிடைத்ததும் அன்பு எழுந்து வந்தது.

அதே வடகிழக்குப் பிரேசிலில் ஆய்வு செய்த மெரிலின் நேஷன்ஸ் போன்றோர், அத்தாய்மார் துயரப்படவில்லை என்ற கருத்தையே மறுத்தனர். தாயின் கண்ணீர் பட்டால் சம்மனசின் சிறகு நனைந்துவிடும், நனைந்த சிறகோடு அது வானகம் பறக்க இயலாது என்ற நம்பிக்கை அங்கு உண்டு. பிள்ளை போய்ச் சேரட்டும் என்பதற்காகவே தாய் தன் அழுகையை விழுங்கினாள் என்பது அவர்கள் விளக்கம். அப்படியானால், அந்த வறண்ட கண்களும் தாயன்பின் வேலையே. எமது பங்கில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளந்தாயை நினைக்கும்போது, இவ்விளக்கமே உண்மைக்கு நெருங்கியது என்று தோன்றுகிறது.

ராகேலின் கண்ணீர்

திருமுழுக்குப் பெற்று இறந்த குழந்தைகள் இறைவனின் திருமுன் வாழ்கின்றனர் என்பது திருச்சபையின் உறுதியான போதனை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குழந்தை எங்கே சென்றது என்பதற்கு உரிய விடையை, அது ஏன் இறந்தது என்பதற்கும் விடையாக்கிவிட்டோம். அங்குத்தான் நாம் பிழை செய்தோம்.

திருமறை நூல் அவ்வாறு செய்யவில்லை. மாசற்ற குழந்தைகளின் திருநாளை நாம் டிசம்பர் 28ஆம் நாள் கொண்டாடுகிறோம். அக்குழந்தைகள் விண்ணகப் பேறு பெற்றவர்கள் என்று நாம் போற்றினாலும், மத்தேயு நற்செய்தி அவர்களைக் கொன்றவன் ஏரோது என்று தெளிவாய்ப் பெயர் சுட்டி எழுதுகிறது. இறைவன் திருவுளம் என்று எழுதவில்லை. தன் மக்களுக்காக அழும் ராகேலை அங்கே நினைவுகூர்கிறது. அவளோ எவர் ஆறுதலையும் ஏற்க மறுத்தவள். இலாசரைச் சற்று நேரத்தில் உயிர்ப்பிக்கப்போகிறோம் என்று அறிந்திருந்தும் நம் ஆண்டவர் அவர் கல்லறை முன் கண்ணீர் விட்டார். அழும் உரிமையை ஆண்டவரே தந்திருக்க, தாயிடமிருந்து அதைப் பறிக்க நமக்கு என்ன அதிகாரம்?

ஐந்து அப்பமும் ஒரு தராசும்

இருளை மட்டும் காட்டி முடிக்க நாம் விரும்பவில்லை. அதே பிரேசிலில், அதே திருச்சபையிலிருந்து ஒரு விடிவு தோன்றியது.

1982இல் ஜெனிவா நகரில் நடந்த கூட்டமொன்றில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட், சாவோ பவுலோவின் பேராயரான கர்தினால் பவுலோ எவரிஸ்தோ ஆர்ன்ஸ் அவர்களைச் சந்தித்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் எண்ணற்ற குழந்தைகளைக் காக்கலாம். அதைத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கத் திருச்சபை முன்வரலாகாதா என்று கேட்டார். கர்தினால் அதைத் தம் தங்கை ஜில்டா ஆர்ன்ஸிடம் கூறினார். அந்த அம்மையார் குழந்தை மருத்துவர், கணவரை இழந்தவர், தம் தலைப்பிள்ளை பிறந்த சில நாள்களிலேயே அதைப் பறிகொடுத்த தாய்.

லொந்திரினா பேராயராயிருந்த ஜெரால்டோ மஜெல்லா ஆக்னெலோ அவர்களின் துணையோடு, 1983இல், பரனா மாநிலத்தின் ஃபுளோரெஸ்தோபொலிஸ் என்ற சிற்றூரில் அவர் பணி தொடங்கினார். அங்கும் தோட்டக் கூலிகளே மிகுதி. பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 127 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்துகொண்டிருந்தனர். ஜில்டா அம்மையார் தம் திட்டத்தை அருளப்பர் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலிருந்து எடுத்தார். அங்கே ஆண்டவர் மக்களை அமரச் செய்கிறார்; கையில் உள்ளதைக் கேட்டு வாங்குகிறார்; எல்லாருக்கும் பகிர்கிறார்; எதுவும் வீணாகாதபடி பார்த்துக்கொள்கிறார். அவ்வாறே, ஊரிலுள்ள ஏழைப் பெண்களையே தேர்ந்து பயிற்றுவித்து, ஒவ்வொருவருக்கும் அண்டையிலுள்ள பத்துப் பதினைந்து குடும்பங்களை ஒப்படைத்தார்.

அப்பெண்கள் மாதந்தோறும் அவ்வீடுகளுக்குச் சென்றனர். கருவுற்றவளை மருத்துவரிடம் அனுப்பினர். தாய்ப்பாலின் மேன்மையை எடுத்துரைத்தனர். தடுப்பூசி நாளை நினைவூட்டினர். உப்புச் சர்க்கரை நீர் கலக்கக் கற்றுக்கொடுத்தனர். மாதம் ஒருநாள் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளோடு கூடினர். மரக்கிளையிலோ உத்தரத்திலோ தராசு தொங்கும். ஒவ்வொரு குழந்தையும் எடை பார்க்கப்படும். எடை ஏறியவர்களுக்காக எல்லாரும் மகிழ்வர். ஏறாதவர்களின் வீட்டிற்கு அந்த வாரமே ஆள் செல்லும். இந்நாளுக்கு 'வாழ்வின் கொண்டாட்டம்' என்று பெயர். இவ்வாறு ஓராண்டு நடந்தபின் கணக்கெடுத்தபோது, 127ஆக இருந்த இறப்பு 28ஆகக் குறைந்திருந்தது.

'குழந்தைகள் மேய்ப்புப் பணி' என்னும் இவ்வியக்கம் பின்னர் நாடெங்கும் பரவி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களைக் கண்டது. ஜில்டா அம்மையார், 2010ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், எயித்தி நாட்டில் இதே பணியைப் பற்றி உரையாற்றி முடித்த சிறிது நேரத்தில், பெரும் நிலநடுக்கத்தில் சிக்கி உயிர்நீத்தார்.

பிரேசில் முழுவதும் நிகழ்ந்த மாற்றத்திற்கு இப்பணி மட்டுமே காரணமென்று கூறுவது நேர்மையாகாது. 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் மருத்துவத்தை எல்லாருக்கும் உரிமையாக்கியது. 1990களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். குழாய் நீர் பரவியது. பெண்கள் கல்வி கற்றனர். பிறப்புகளின் எண்ணிக்கை குறைந்தது. 2003 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தந்தது. 1990இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 50 ஆக இருந்த சிசு மரணம், இன்று 15க்கும் கீழே இறங்கியுள்ளது. சிலுவை மேட்டிற்கு மீண்டும் சென்ற நான்சி அம்மையார், அங்குச் சம்மனசுக் குழந்தைகளின் ஊர்வலம் ஏறத்தாழ மறைந்துவிட்டதை 2013இல் எழுதினார். அக்குன்றின் தாய்மார் இப்போது இரண்டு மூன்று பிள்ளைகளைப் பெறுகின்றனர். அவர்கள் எல்லாரும் வாழ்வர் என்று எதிர்பார்க்கின்றனர். இறைவனின் திருவுளம் 1965இல் ஒன்றாகவும் 2013இல் வேறொன்றாகவும் இருந்திருக்குமா? இடையில் மாறியவை நீரும் கூலியும் பாலும் அறிவுமே.

நமது இல்லங்களில்

நமது தமிழகமும் இவ்வழியில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. 1971இல் ஆயிரத்துக்கு 113ஆக இருந்த சிசு மரணம் 2020இல் 13ஆகக் குறைந்தது. ஆயினும் அந்த 13ம் எண்களல்ல, பிள்ளைகள். பழைய வழக்கங்கள் இன்னும் சில வீடுகளில் வாசற்படிக்குள்ளேயே நிற்கின்றன. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதாகச் சர்க்கரை நீரும் தேனும் விளக்கெண்ணெயும் நாவில் தடவுவதும், கழுதைப்பால் புகட்டுவதும், சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சி எறிவதும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆனால் அன்பு அறிவோடு சேராவிட்டால், அதுவே பிள்ளைக்குத் தீங்காக முடியும்.

ஆதலால் குடும்பத்தார் சிலவற்றை உள்ளத்தில் இருத்துவார்களாக. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தருக. சீம்பால் இறைவன் தரும் முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், நீரும் வேண்டா. வயிற்றுப்போக்குக் கண்டால் பாலை நிறுத்தாதீர்கள், அடிக்கடி ஊட்டுங்கள். அரசு சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொட்டலத்தை வாங்கிக் கலக்குங்கள். அது கைக்கு எட்டாத வேளையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டியவாறே மருத்துவரிடம் விரையுங்கள். குடலில் சர்க்கரை உப்பை உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. குறிப்பாக மாமியார்களும் பாட்டிமாரும் இதை அறிவது மிக நன்று. ஏனெனில் நம் வீடுகளில் இளந்தாயின் சொல்லைவிட அவர்கள் சொல்லே செல்லும்.

நாம் முதலில் குறிப்பிட்ட அந்த இளந்தாயை, வேறு பங்கிற்கு மாற்றலாகிச் சென்றபின், ஒரு திருவிழாவில் மீண்டும் கண்டோம். இரண்டு பிள்ளைகளை உடன் அழைத்து வந்திருந்தாள். நலம் விசாரித்து ஆசி அளித்தோம். போகும்போது அவள் திரும்பி நின்று, குற்றம் சாட்டும் குரலில் அல்ல, நெடுநாள் வைத்திருந்ததை இறக்கி வைப்பவள் போல, "அன்னைக்கு என்னைய அழ விட்டிருக்கலாம் சாமி" என்றாள். எமக்கு மறுமொழி வரவில்லை. மன்னிப்புக் கேட்டோம்.

அன்று முதல் எமது வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். குழந்தை இறந்த வீட்டில் இப்போது முதலில் தாய் அழும்வரை அழட்டும் என்று அருகே அமர்கிறோம். சம்மனசு என்ற சொல்லை அவசரமாக எடுப்பதில்லை. செபம் முடிந்து சில நாள் சென்றபின் மீண்டும் போய், பிள்ளைக்கு எப்போது நோய் கண்டது, என்ன கொடுத்தீர்கள், யாரிடம் காட்டினீர்கள் என்று மெல்லக் கேட்கிறோம். பழி சுமத்த அல்ல, அடுத்த பிள்ளைக்காக. திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வரும் பெற்றோரிடம், தேதியைக் கேட்கும்போதே பிள்ளையின் எடையையும் தடுப்பூசியையும் கேட்கிறோம். எமது பங்கு மாதா சபைப் பெண்கள் நால்வர், மாதத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் பின், கோவில் முகப்பு மண்டபத்தில் ஒரு தராசு வைத்துக் குழந்தைகளை எடை பார்க்கின்றனர். உங்கள் பங்கிலும் இது இயலும். தராசு ஒன்றும், நான்கு பெண்களும், ஒரு குறிப்பேடும் போதும்.